பொழுது எங்கே படுகிறது? வன்னியில் நாலு நாள்

முதலாம் நாள், நாச்சிக்குடா

கேள்வி பிறந்த இடம் சங்குப்பிட்டிப் பாலம். 2011 தை மாதம் திறந்த பாலம் அது. அதற்கு முன் கேரதீவில் 'பாதை' என்கிற மிதவைக்குக் காத்திருந்து ஏறித்தான் பூநகரிப் பக்கம் போக வேண்டும். அந்தக் கதையை மாமா ஒவ்வொரு முறையும் பாலத்தில் ஏறும்போது தொடங்குவார், இறங்கும்போது முடிப்பார். இந்த முறை நடுப்பாலத்தில் சின்னவள் குறுக்கே விழுந்தாள்.

"தாத்தா, இண்டைக்கு நாச்சிக்குடாவில பொழுது கடலுக்குள்ள விழும். முல்லைத்தீவில காலமை கடலுக்குள்ள இருந்து வரும் எண்டு அம்மா சொன்னவ. அப்ப ராவில ஆர் அதை அங்க கொண்டுபோறது?"

அவளுக்கு ஏழு வயது. மாமா இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியர். நேரான பதில் உள்ள கேள்விக்கு அவர் நேராகப் பதில் சொல்லி நான் கண்டதில்லை. "நல்ல கேள்வி. ஆராய்ச்சி செய்துதான் பார்க்கோணும்" என்றார். அத்துடன் என் விடுமுறைத் திட்டம் முழுவதும் கைமாறிவிட்டது. மேற்குக் கரையில் சூரியனை அனுப்பிவைத்து, வன்னியைக் குறுக்கே கடந்து, கிழக்குக் கரையில் போய் வரவேற்பது. சூரியன் கடலுக்குள்ளால்தான் வருகிறது என்பதற்கு ஒரு சாட்சி கிடைத்தாலும் மாமா ஐஸ்கிறீம் வாங்கித் தர வேண்டும். பந்தயம் பாலம் முடிவதற்குள் எழுதிக் கையெழுத்தாகிவிட்டது. பாதைக் கதை இந்த முறை பாதியில் நின்றது.

வானில் நாங்கள் ஆறு பேர். மாமா, மாமி, ஓ.எல். படிக்கும் பெரியவன், சின்னவள், நான், வான் ஓட்டும் தம்பி. மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை.

ஆறு மணிக்கே கரையில் வரிசையாக இருந்துவிட்டோம். வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்த பெண்கள் எங்களை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்கள். பொழுது பட்டால் வீட்டுக்குப் போகிறதுதான் வழக்கம், பொழுது படுவதைப் பார்க்கவென்று வான் பிடித்து வருவார்களா என்ற பார்வை.

சின்னவள் தன் கொள்கையை வெளியிட்டாள். சூரியன் நெருப்பு. கடல் தண்ணீர். மாமி சூடான தாச்சியைக் குழாயின் கீழ் பிடிக்கும்போது வருவது போல 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வந்தே ஆக வேண்டும்.

சிரிக்காதீர்கள் என்றார் மாமா. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் ஸ்பெயினின் மேற்குக் கரையில் இருந்த சனம் இதையேதான் சொன்னதாம். பொசிடோனியஸ் என்ற கிரேக்க அறிஞர் அங்கே காதேசு என்ற ஊரில் முப்பது நாள் தங்கிப் பொழுது படுவதைக் கவனித்திருக்கிறார். சத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னதைப் புவியியல் நூல் எழுதிய ஸ்ட்ராபோ எழுதி வைத்திருக்கிறார்.

"அவருக்கு எத்தினை வயசு?" என்று கேட்டாள் சின்னவள்.

"ஏன்?"

"காது கேட்டிருக்காது."

சூரியனின் கீழ் விளிம்பு கடலைத் தொட்டது. தொட்டதிலிருந்து முழுதாக மறைய இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட எடுக்கும். அவ்வளவு நேரமும் எவரும் வாய் திறக்கவில்லை. 6.20க்குக் கடைசிப் பொட்டு மறைந்தது. அந்தக் கணத்தில் தெளிவாகக் கேட்டது: ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்.

திரும்பிப் பார்த்தோம். வான்காரத் தம்பி பின் டயருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கையில் இரண்டங்குல ஆணி. "இழுத்துப் பாத்தன் அண்ணை, வந்திட்டுது" என்றார். இழுக்காமல் விட்டிருந்தால் தங்குமிடம் வரைக்கும் ஓடியிருக்கும்.

அதே நேரத்தில் இன்னொரு ஆராய்ச்சியும் நடந்துகொண்டிருந்தது. மாமா மணலில் மல்லாக்கப் படுத்திருந்தார். படுத்தபடி சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு உடனே எழுந்து நின்றால் மறைந்த சூரியன் மறுபடி தெரியும். கண் உயர்ந்தால் அடிவானம் தள்ளிப் போகும். இது பகிடி இல்லை, உண்மை. ஒரே நாளில் பொழுதை இரண்டு தரம் படுத்தலாம். ஆனால் எழும்ப ஆறேழு செக்கன்தான் இருக்கிறது. மாமாவின் முழங்காலுக்கு அது போதாது. பெரியவனும் நானும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து நிமிர்த்தியபோது நண்டுப் பெண்களே கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

டயர் மாற்றும் வெளிச்சத்தில் விவாதம் தொடர்ந்தது. ஆணி கையில் இருந்தும் சின்னவள் விடவில்லை. இரண்டு சத்தமும் ஒன்றாக வந்திருக்கலாம் அல்லவா? மாமா கணக்குப் போட்டார். சூரியன் இருப்பது 15 கோடி கிலோமீற்றர் தூரத்தில். இடையில் வெறும் வெளி, சத்தம் வர வழியில்லை. சரி, வழி நெடுகக் காற்று இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் அந்தச் சத்தம் இங்கே வந்து சேரப் பதினாலு வருடம் எடுக்கும்.

"இராமர் காட்டுக்குப் போட்டு வாற காலம்" என்றார் மாமி.

"அப்ப இது நான் பிறக்க முந்திப் பட்ட பொழுதின்ட சத்தம்" என்று எழுதிக்கொண்டாள் சின்னவள். அவளிடம் இதற்கென்று ஒரு கொப்பி இருக்கிறது.

பெரியவனின் எதிர்ப்பு வேறு விதம். சூரியனின் குறுக்களவு கிட்டத்தட்ட 14 இலட்சம் கிலோமீற்றர். 109 பூமியை வரிசையாக அடுக்கலாம். எங்கள் பாக்கு விரிகுடாவின் ஆழமோ பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீற்றருக்குள். முழங்கால் கூட நனையாது. சின்னவளிடம் பதில் இருந்தது: "அது கடலுக்கு வரேக்கை சின்னனாத்தானே வருது, நீங்கள் பாக்கேல்லையோ?" பார்த்தோம். மறுக்க முடியவில்லை.

பனைகளுக்குள்ளிருந்து முட்டியோடு வந்த சீவல் தொழிலாளி ஒருவர் சில்லு மாற்றக் கை கொடுத்தார். அவருக்கு மாமா ஒரு நல்ல செய்தி சொன்னார். ஐம்பதடிப் பனையில் நிற்பவருக்கு, கீழே நிற்கிற எங்களைவிட இருபது செக்கன் பிந்தித்தான் கடலில் பொழுது படும். ஒவ்வொரு நாளும் இருபது செக்கன் கூடுதலாக வெயில்.

"அதுக்கு ஆர் ஐயா காசு தாறது?" என்றார் அவர்.

இப்போது முழங்காவில் பக்கம் தெரிந்த வீட்டு விறாந்தையில் இருந்து போனில் தட்டுகிறேன். மாமா இன்னும் ஓயவில்லை. கடலைத் தொடும்போது நாம் பார்ப்பது உண்மையான சூரியன் இல்லையாம். அடிவானத்தில் காற்று ஒளியை வளைத்துத் தூக்கிக் காட்டுகிறது. எவ்வளவு என்றால் ஒரு முழுச் சூரியன் அளவுக்கு. கீழ் விளிம்பு கடலைத் தொடுகிற நேரம் அசல் சூரியன் ஏற்கெனவே அடிவானத்துக்குக் கீழே போயாயிற்று.

"அப்ப இவ்வளவு நேரமும் நாங்கள் பாத்தது அதின்ட ஆவியையே?" என்று கேட்டுவிட்டு மாமி நுளம்புத்திரி கொளுத்தப் போனார்.

இரண்டாம் நாள், இரணைமடு

டயர் ஒட்டவே பத்து மணியாகிவிட்டது. அக்கராயன் பக்கமாக வந்து முறிகண்டியில் இறங்கினோம். முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டி நிறுத்தாமல் போகிற வாகனம் ஏ9 வீதியில் குறைவு. தேங்காய் உடைத்தோம், கச்சான் வாங்கினோம். கச்சான் வறுத்த அம்மாவிடமும் சின்னவள் பேட்டி எடுத்தாள். பொழுது பட்டால் எங்கே போகும்?

"வேற எங்க? காட்டுக்கைதான்."

அந்த அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. முறிகண்டியில் நின்று பார்த்தால் மேற்கே காடு. சூரியன் காட்டுக்குள் போவதைத் தினமும் கண்ணால் காண்கிறவருக்கு நாச்சிக்குடாக் கதை எதற்கு? பொசிடோனியசைவிட இவருக்கு அனுபவம் கூட. அவர் முப்பது நாள், இவர் முப்பது வருடமாவது இருக்கும்.

பின்னேரம் இரணைமடு அணைக்கட்டில் நடந்தோம். வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம். கனகராயன் ஆறு வந்து நிரப்புகிறது. சித்திரை மாதம் என்றாலும் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர்தான், நீர்க்காகங்கள் வரிசையாகப் பட்ட மரங்களில் சிறகு விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. கரையில் விரால் வாங்கினோம். நாளைக்குப் போகும் வீட்டு அக்கா விரால் குழம்பு வைப்பதில் பேர் போனவர் என்பதால் ஐஸ் பெட்டியில் அதற்குத் தனி இடம்.

இங்கேதான் பெரியவனின் இரட்டைச் சூரியக் கொள்கை உதித்தது. நேற்று நாச்சிக்குடாவில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தது இரணைதீவு. இன்று நிற்பது இரணைமடு. வன்னியில் எதற்கெடுத்தாலும் இரணை. ஆகவே சூரியனும் இரணை. ஒன்று மேற்கில் ஓய்வெடுக்கும்போது மற்றது கிழக்கில் வேலைக்கு வருகிறது. ஒருவரும் ஒன்றையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

அவன் நக்கலுக்குத்தான் சொன்னான். மாமாவோ கச்சானை உடைத்தபடி, இதுவும் பழைய சரக்கு என்றார். சமணரின் உலகக் கணக்கில், நாங்கள் இருக்கிற சம்புத்தீவுக்கு இரண்டு சூரியன், இரண்டு சந்திரன். முறை வைத்து வருவார்கள். பெரியவனுக்கு முகம் விழுந்துவிட்டது. தானாகக் கண்டுபிடித்த முட்டாள்தனத்துக்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருப்பது அந்த வயதில் பெரிய அடி.

மூன்றாம் நாள், முல்லைத்தீவு

அதிகாலை ஐந்தரைக்குக் குளத்தில் கால் வைத்த சின்னவள் கூச்சல் போட்டாள். தண்ணீர் வெதுவெதுப்பு. வெளியே காற்றோ சில்லென்று இருந்தது. இரவு முழுக்க அடுப்பு மூட்டாத தண்ணீர் எப்படிச் சுடும்? சூரியன் ராவோடு ராவாக இரணைமடுவுக்கு அடியால் போயிருக்கிறது!

வரைபடத்தை விரித்தால் விசயம் இன்னும் மோசம். நாச்சிக்குடா, இரணைமடு, முல்லைத்தீவு மூன்றும் ஏறத்தாழக் கிழக்கு மேற்காக ஒரே கோட்டில் கிடக்கின்றன. இரணைமடு அநேகமாக நடு. நேர்க்கோட்டில் மொத்தம் 80 கிலோமீற்றர் வரும். மாலை 6.20க்கு மூழ்கிக் காலை 6 மணிக்கு எழும்புவதென்றால் பதினொன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்கிறது. பெரியவன் வகுத்தான்: மணிக்கு ஏழு கிலோமீற்றர்.

"சைக்கிள்ல போகுது" என்றார் வான்காரத் தம்பி. "அதுவும் முன்னுக்கு ஒராளை ஏத்திக்கொண்டு."

மாமா தண்ணீரின் தன்வெப்பம் பற்றி ஒரு பாடம் எடுத்தார். மண்ணைவிட நாலைந்து மடங்கு வெப்பம் கொடுத்தால்தான் தண்ணீர் அதேயளவு சூடேறும், விடும்போதும் அவ்வளவு பொறுமையாக விடும், ஆகவே விடியற்புறம் காற்றும் மண்ணும் குளிர்ந்த பிறகும் குளம் வெதுவெதுப்பாக இருக்கும். சரியான விளக்கம். ஆனால் சைக்கிள் விளக்கத்தில் இருந்த கவர்ச்சி அதில் இல்லை என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பரந்தன், தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று வந்தோம். வழியில் விரால் குழம்பு. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இன்றைய பதிவு அதோடு முடிந்துவிடும்.

வட்டுவாகல் பாலத்தில் மெதுவாகத்தான் போகலாம். இடதுபக்கம் கடல், வலதுபக்கம் நந்திக்கடல். 2009 வைகாசியில் இந்தப் பாலத்தால்தான் சனம் கையில் பிடித்த பிள்ளைகளோடு நடந்து வந்தது. வானுக்குள் எவரும் பகிடி விடவில்லை. மாமி முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். அவரின் தங்கை குடும்பம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. சின்னவள் கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

வற்றாப்பளை அம்மன் கோயிலில் இறங்கியபிறகுதான் பேச்சு வந்தது. வைகாசிப் பொங்கலை ஒட்டி முல்லைத்தீவுக் கடலில் எடுத்து வந்த உப்புநீரில் விளக்கெரிக்கிற வழக்கத்தை மாமி சின்னவளுக்குச் சொன்னார். எண்ணெய் இல்லை, கடல்நீர்தான். அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"கடல் தண்ணியில விளக்கு எரியுமெண்டால் சூரியன் ஏன் அணையப் போகுது? நான்தான் பிழையா விளங்கிக்கொண்டன். அது எண்ணெய் ஊத்தத்தான் கடலுக்குப் போகுது."

மாமா வாயைத் திறக்கவில்லை. அம்மன் சந்நிதியில் தன்வெப்பம் பேச அவருக்கும் துணிவில்லை. வான்காரத் தம்பி மட்டும், "அப்ப கியூஆர் வைச்சிருக்கோ?" என்றார். எண்ணெய்ப் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்த 2022இல், எண்ணெய் வரிசையில் இரண்டு இரவு வானுக்குள்ளேயே படுத்தவர் அவர். எங்கு போனாலும் பேச்சு அந்த வரிசையில் போய்த்தான் நிற்கும்.

மாலை முல்லைத்தீவுக் கடற்கரை. பழக்கதோசத்தில் எல்லோரும் கடலைப் பார்த்து இருந்துவிட்டோம். ஆறு மணி, ஆறேகால். கடல் கருநீலமாக இருண்டுகொண்டே போனதே தவிர ஒன்றும் நடக்கவில்லை. முதுகு சுட்டதும்தான் திரும்பினோம். சூரியன் எங்களுக்குப் பின்னால், நந்திக்கடல் பக்கத்து மரங்களுக்குள் சத்தம் போடாமல் போய்க்கொண்டிருந்தது. நாச்சிக்குடாவை விட மூன்று நிமிடம் முந்தி. ஒரு பாகைக்கு நாலு நிமிடம் என்ற கணக்கில் கிழக்கே வந்ததற்கான கழிவு.

பெரியவன் பரீட்சைக்குப் பாடமாக்கியதைக் கக்கினான். முல்லைக்கு மாலை, நெய்தலுக்கு எற்பாடு. எல் என்றால் ஞாயிறு, பாடு என்றால் படுதல். நாங்கள் இன்றைக்கும் 'பொழுது பட்டிட்டுது' என்று சொல்லுகிற அதே 'படு'. இலக்கணப்படி கடற்கரையில்தான் சூரியன் பட வேண்டும். இந்தக் கடற்கரையில் படவில்லை. ஊரின் பெயரிலேயே முல்லை இருப்பதால் மாலையோடு திருப்திப்பட வேண்டியதுதானா? எற்பாடு என்பதற்குச் சூரியன் தோன்றும் நேரம் என்று பொருள் சொன்ன உரைகாரரும் உண்டு என்றேன் நான். மூன்று நாளில் என் பங்குக்கு நான் சொன்ன ஒரே விசயம் அதுதான்.

"அவர் முல்லைத்தீவில இருந்து உரை எழுதியிருக்கிறார்" என்று மாமா முடித்து வைத்தார்.

படுக்கப்போகும் முன் சின்னவள் தன் பையில் ஒரு துவாயை மடித்து வைத்தாள். நாளைக்குக் குளிக்கிற திட்டம் இல்லையே என்றேன்.

"எனக்கில்லை. அது ராமுழுக்கத் தண்ணிக்குள்ள வந்திருக்கும்."

நாலாம் நாள், அதே கரை

ஐந்தரைக்கே கரையில் ஆட்கள். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றின் இரண்டு முனையிலும் வரிசையாக நின்று, காலை மணலுக்குள் ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்து சாய்ந்து. பெரியவன் தானாகவே போய் ஒரு முனையில் பிடித்துக்கொண்டான். பத்து நிமிடத்தில் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு திரும்பி வந்தான்.

கிழக்கு வெளுத்தது. பின்பு செம்மஞ்சள். ஆறு மணி. ஒரு தணல் துண்டு கடலுக்கு மேல் எட்டிப் பார்த்தது.

கொஞ்சம் கொஞ்சமாக வட்டம் வெளியே வந்தது. முக்கால்வாசி வந்தபோதுதான் கண்டோம். வட்டத்தின் அடி கடலை விட மறுத்தது. சூரியனுக்குக் கழுத்து முளைத்தது போல ஒரு சிவப்புத் தூண், கீழே கடலோடு ஒட்டிக்கொண்டு இழுபட்டது. சட்டியிலிருந்து அகப்பையைத் தூக்கும்போது பாகு இழுபடுவது போல. பிறகு மெலிந்து, அறுந்து, ஒரு சொட்டாகக் கடலுக்குள் விழுந்து மறைந்தது.

"சொட்டுது! பாருங்கோ, தண்ணி சொட்டுது!"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமாவும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். படிப்பித்த காலத்தில் புத்தகத்தில் படம் பார்த்ததுதானாம், கண்ணால் காண்பது இதுவே முதல் தடவை. விடியற்புறம் கடல் சூடு, மேலே காற்றுக் குளிர். தண்ணீரை ஒட்டிய மெல்லிய சூட்டுக் காற்றில் ஒளி மேல்நோக்கி வளைந்து, சூரியனுக்குக் கீழே இன்னொரு தலைகீழ்ச் சூரியனைக் காட்டுகிறது. இரண்டும் ஒட்டிப் பிரிவதுதான் அந்தச் சொட்டு. நடுப்பகலில் தார் வீதியில் தண்ணீர் நிற்பது போலத் தெரிகிற அதே கானல். இரணைமடுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்ததும் இதுவும் ஒரே காரணம், கடலும் அப்படித்தான் சூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. இதையெல்லாம் அவர் சொல்லத்தான் செய்தார், ஆனால் வழக்கமான சுருதி இல்லை.

கயிறு சுருட்டிக்கொண்டிருந்த வயதான மீனவர் சின்னவள் பக்கம்தான். "உது நெடுகக் காணுறதுதானே பிள்ளை. நனைஞ்சு வந்தால் சொட்டாதே?"

பெரியவன் மட்டும் ஒரு விசயத்தைச் சத்தமில்லாமல் என் காதுக்குள் சொன்னான்: "ரெண்டு சூரியன் எண்டு நான் சொன்னனான்தானே."

ஐஸ்கிறீம் கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும் என்று விசாரித்து வைத்தாயிற்று. மாமா ஒத்துக்கொண்டார், ஆனால் சாட்சி தோற்ற மயக்கம் என்பதால் ஒரு கரண்டி மட்டும்தான் என்கிறார். பேரம் நடக்கிறது.

அந்தத் தூணை விளக்கிக் காட்ட அவர் கையை நீட்டிக்கொண்டு தண்ணீர் விளிம்புக்கே போய்விட்டார். கானல் நீரைப் பற்றித் தொடங்கிய வசனம் முடியுமுன் அசல் நீர் ஒன்று வந்து இடுப்பு வரைக்கும் அடித்தது. சின்னவள் பையைத் திறந்து துவாயை எடுத்தாள். கிழக்கே ஒரு தரம் பார்த்தாள், அது நன்றாக மேலே போய்க் காய்ந்துவிட்டிருந்தது. துவாயைத் தாத்தாவிடம் கொடுத்தாள்.